ஆறு மாத டிப்ளமோவை நம்பி பள்ளி வேலையை விடலாமா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். வயது 28. கும்பகோணத்தில் பி.ஏ. ஆங்கிலம், அப்புறம் பி.எட். ஐந்து வருடமாக ஒரு மெட்ரிக் பள்ளியில் வேலை, சம்பளம் 11,500 ரூபாய். அப்பாவுக்கு இரண்டரை ஏக்கர் நிலம், அதில் ஒரு ஏக்கர் கோயில் குத்தகை. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

பள்ளியில் பிள்ளைகள் மட்டுமில்லாமல் சக ஆசிரியைகளும் மனசு சரியில்லை என்றால் இவரிடம்தான் வருகிறார்களாம். போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இவரைத் தனியாகக் கூப்பிட்டு, வெயில் காலத்திலும் கழற்றாத முழுக்கைச் சட்டையை மேலே இழுத்துக் காட்டியிருக்கிறாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் பிளேடு கோடுகள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று இவர் சத்தியம் செய்துகொடுத்திருக்கிறார். அன்று இரவே சைக்காலஜி படிப்பது என்று முடிவெடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் போனைத் திறந்தாலே விளம்பரம். ஆறு மாத ஆன்லைன் டிப்ளமோ, முடித்ததும் 'சான்றிதழ் பெற்ற சைக்காலஜிஸ்ட்', வீட்டில் இருந்தபடியே மாதம் ஒரு லட்சம். கட்டணம் 85,000 ரூபாய், இந்த வாரமே கட்டினால் 60,000. சீட்டு எடுத்த பணம் 1,20,000 கையில் இருக்கிறது. கட்டலாமா? முடித்துவிட்டு மன்னார்குடியில் போர்டு மாட்டலாமா? இல்லையென்றால் வேலையில் இருந்துகொண்டே தபால் வழியில் எம்.எஸ்ஸி. படித்தால் போதுமா? உண்மையில் இதில் எவ்வளவு சம்பாதிக்கலாம்? "நம்ம பக்கம் பிரச்னை இல்லாத வீடே இல்லை மேடம், அதனால் வருமானத்துக்குக் குறைவிருக்காது என்று நினைக்கிறேன்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள டீச்சர்,

உங்கள் மாணவி விஷயமாகக் கடிதம் கிடைத்த அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்ற ஆசிரியர்களுக்கும் தேவைப்படும் என்பதால் அதைச் சுருக்கமாக இங்கேயும் சொல்கிறேன். அப்படி ஒரு சத்தியத்தை நாங்கள்கூடச் செய்வதில்லை. இருபது வருடத்துக்கு மேலாகத் தஞ்சாவூரில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக வேலை பார்க்கிறேன். உயிருக்கு ஆபத்து என்றாலோ, குழந்தையை யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றாலோ ரகசியம் காக்க முடியாது என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். நீங்கள் அவளைத் திரும்பக் கூப்பிட்டு, "அன்னைக்கு அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்ப்பா. இதை நான் ஒருத்தியா வெச்சுக்க முடியாது. யார்கிட்ட சொல்லப் போறேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்று பேசுங்கள். கையைக் காட்டு என்று கேட்காதீர்கள். கையைக் கீறிக்கொள்கிற எல்லாப் பிள்ளைகளும் சாக நினைப்பதில்லை. ஆனால் யார் நினைக்கிறார்கள், யார் நினைக்கவில்லை என்பதைப் பார்த்துச் சொல்லப் பயிற்சி வேண்டும். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். பேச்சுவாக்கில் பாலியல் தொல்லை என்று ஏதாவது வெளியே வந்தால், போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-இல் வழி சொல்வார்கள்.

சரி, உங்கள் படிப்புக்கு வருவோம்.

அந்த 60,000 ரூபாய்

கட்டாதீர்கள். கடிதத்தின் மற்ற கேள்விகளுக்கெல்லாம் "பார்க்கலாம்", "யோசிக்கலாம்" என்று பதில் சொல்வேன். இதற்கு மட்டும் அப்படிச் சொல்ல முடியாது.

காரணத்தைச் சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும். ஆர்.சி.ஐ. என்று சொல்வோம், 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்குவது. பதிவில்லாமல் அந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், 1992-இல் போட்ட கணக்கு அது. மற்ற உளவியலாளர்கள், கவுன்சலர்கள் உட்படப் பல சுகாதாரத் தொழில் செய்கிறவர்களைப் பதிவேட்டுக்குள் கொண்டுவருவதற்காக 2021-இல் இன்னொரு சட்டம் வந்தது, இணை சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். அதில் இரண்டு அடுக்கு இருக்கிறது. கீழடுக்குக்கே குறைந்தது இரண்டு ஆண்டும் 2,000 மணி நேரமும் படித்திருக்க வேண்டும். மேலடுக்குக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, 3,600 மணி நேரம், அதுவும் பட்டப்படிப்பாக. உங்கள் விளம்பரத்தில் வந்த ஆறு மாதம் எந்த அடுக்கிலும் உட்காராது. இன்றைக்கு 'மனநல ஆலோசகர்' என்று போர்டு மாட்டினால் நாளைக்கே யாரும் வந்து கழற்றிவிடப் போவதில்லை, உண்மைதான். ஆனால் போட்ட பணமும் சேர்த்த பெயரும் பதிவேடு கண்டிப்பாக நடைமுறைக்கு வருகிற அன்று என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டத்தைவிட எனக்கு வேறொன்று பெரியதாகப் படுகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து இருபத்தைந்து வயதுப் பையனை அழைத்து வந்தார்கள். காதில் யாரோ பேசுவதாகச் சொல்கிறான், பக்கத்து வீட்டுக்காரர் சோற்றில் ஏதோ கலக்கிறார் என்று மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. வீட்டார் அதற்கு முன்பே ஒரு 'கவுன்சலரி'டம் பதினோரு முறை கூட்டிப் போயிருந்தார்கள். பதினோரு முறையும் அவர் நல்லெண்ணம் வளர்ப்பது எப்படி என்று பேசியிருக்கிறார். ஒவ்வொரு முறைக்கும் ரசீது இருந்தது, அந்தப் பையனின் அம்மா மஞ்சள் பையிலிருந்து எடுத்து என் மேசையில் அடுக்கிவைத்தார். முதல் நாளே மனநல மருத்துவரிடம் போயிருக்க வேண்டிய நோய் அது. ஐந்து மாதம் வீண். அந்தக் கவுன்சலர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. தான் யாரைப் பார்க்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். சோர்வு, அழுகை என்று வருகிற பெண்ணுக்குத் தைராய்டு பரிசோதனை செய்யச் சொல்ல வேண்டும் என்பதுகூட ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால்தான் கைக்கு வரும். வீடியோ பாடத்தில் வராது.

இந்தத் துறையில் காசு கொடுத்து வாங்க வேண்டியது அதைத்தான். அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில், நிஜமான ஆட்களோடு உட்கார்ந்த மணி நேரங்கள். எந்தப் படிப்பில் சேர்வதற்கு முன்பும் அது எத்தனை மணி நேரம், எந்த மருத்துவமனையில், யார் மேற்பார்வையில் என்று எழுத்தில் கேளுங்கள். பதிலுக்கு 'கடைசி நான்கு இடம்தான் இருக்கிறது' என்று செய்தி வந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

தபால் வழி எம்.எஸ்ஸி.

உங்கள் தோழி 2021-இல் இப்படித்தான் சேர்ந்து படித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது முடிந்தது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலில் தொலைதூர வழியிலும் ஆன்லைனிலும் புதிதாகச் சேர்க்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் சொல்லிவிட்டது. மேலே சொன்ன 2021 சட்டத்துக்குள் வருகிற சுகாதாரப் படிப்புகள் எல்லாவற்றுக்கும் அதே நிலைதான். அதற்கப்புறமும் யாராவது "சேர்த்துக்கொள்கிறோம், பழைய தேதி போட்டுத் தருகிறோம்" என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வேலையை விடாமல் படிக்க நினைக்கிற பெண்களுக்கு இது பெரிய அடி என்பது எனக்குத் தெரியும். என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்களில் நன்றாக வந்த இருவர் தபால் வழியில் படித்தவர்கள்தான். ஆனாலும் அந்த முடிவு முழுக்கத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீச்சலைத் தபாலில் கற்றுக்கொள்ள முடியாது என்பது காவிரிக் கரையில் பிறந்த நமக்குத் தெரியாததா?

ஆகவே இனி நேரில் போய்ப் படிப்பது ஒன்றுதான் வழி. அதிலும் உங்கள் பட்டம் பி.ஏ. ஆங்கிலம். எம்.எஸ்ஸி. உளவியலுக்குச் சில இடங்களில் உளவியல் பட்டம் கேட்பார்கள், சில இடங்களில் எந்தப் பட்டமும் போதும் என்பார்கள். விண்ணப்பத்துக்குப் பணம் கட்டும் முன் தகுதிப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் சேர்வதற்கு சியூஇடி என்கிற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

பெயர்ப்பலகையில் என்ன போடலாம்

ஊரில் எல்லோரையும் 'மனநல டாக்டர்' என்றே சொல்லிவிடுகிறார்கள். உங்கள் கடிதத்திலும் "மாத்திரை எழுதலாமா" என்று ஒரு வரி. முடியாது. மருந்து எழுதுகிறவர் சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். படித்து அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் உளவியலில் முதுகலை முடித்து, அதற்கு மேல் இரண்டு வருடம் மருத்துவமனையில் முழுநேரப் பயிற்சி எடுத்து, ஆர்.சி.ஐ.-இல் பதிந்தவர். நான் அந்த வகை. அறிவுத்திறன் சோதனை, கற்றல் குறைபாட்டுச் சோதனை, பேச்சுவழிச் சிகிச்சை எல்லாம் எங்கள் வேலை. கவுன்சலர் என்றால் பள்ளி, குடும்பம், போதை மீட்பு, எச்.ஐ.வி. என்று ஏதாவது ஓர் இடத்தில் அன்றாடச் சிக்கல்களோடு வேலை செய்கிறவர். சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர் என்று இன்னொருவர் உண்டு, அவரை நம் ஊரில் யாருக்கும் தெரியாது. நோயாளி வீட்டுக்குப் போனபின் மாத்திரை சாப்பிடுகிறாரா, உதவித்தொகை வருகிறதா, வீட்டில் சோறு போடுகிறார்களா என்று பார்க்கிற ஆள். என்னைக் கேட்டால் டெல்டாவில் அதிகம் தேவைப்படுகிறவர் அவர்தான்.

கிளினிக்கல் பாதையில் இப்போது ஒரு குழப்பமான காலம். இதுவரை அதன் வாசல் எம்.ஃபில். தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். என்பதையே எடுத்துவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கையை நீட்டித்தார்கள். அந்த இடத்துக்கு ஆர்.சி.ஐ.-இன் புதிய படிப்புகள் வருகின்றன. எதில் சேர்ந்தாலும் அந்தக் கல்லூரி, அந்தப் படிப்பு, நீங்கள் சேரும் அந்த ஆண்டு ஆகிய மூன்றும் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் இருக்கும் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக்காரர் கண்ணாடி போட்டு மாட்டிக் காட்டும் சான்றிதழ் ஐந்து வருடத்துக்கு முன்னாலேயே காலாவதி ஆனதாக இருக்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ், சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக இருக்கும் மத்திய அரசு நிறுவனம் போன்றவற்றில் இடங்கள் கைவிரல் கணக்குதான், போட்டி கடுமை. தனியாரில் கட்டணம் லட்சங்களில். முதுகலையையும் சேர்த்தால் உங்களுக்கு 33 வயதுவரை படிப்பு.

தேவை வேறு, சம்பளம் வேறு

"பிரச்னை இல்லாத வீடே இல்லை, அதனால் வருமானத்துக்குக் குறைவிருக்காது" என்ற உங்கள் வரியை நான் நாலைந்து முறை படித்தேன். முதல் பாதி சத்தியம். 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த ஊர் நம்முடையது. அதே டிசம்பரில் சுனாமி, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் சாவு. 2018 நவம்பரில் கஜா வந்து ஒரே இரவில் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் வெளியூரிலிருந்து மனநலக் குழுக்கள் வந்தன. நல்ல வேலைதான் செய்தார்கள். திட்டப் பணம் முடிந்ததும் வேன் ஏறிப் போய்விட்டார்கள். துயரம் அதிகம் இருக்கிற இடத்தில் அதற்குக் காசு கொடுக்க முடிந்தவர்கள் குறைவாக இருப்பார்கள், இது இந்தத் தொழிலின் சங்கடம்.

மாதச் சம்பள வேலைகளை முதலில் பார்ப்போம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒரு கவுன்சலர் பணியிடம் உண்டு. மிஷன் வாத்சல்யா திட்ட விதிப்படி மாதம் 18,536 ரூபாய், ஒப்பந்த வேலை. உளவியல், சமூகப்பணி, சமூகவியல் என்று ஏதாவது ஒன்றில் பட்டம் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையத்தில் கவுன்சலர் இருக்கிறார், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் இருக்கிறார், எல்லாம் தொகுப்பூதியம்தான். மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவரோடு சைக்காலஜிஸ்டும் சோஷியல் ஒர்க்கரும் இருப்பார்கள், ஆனால் மாவட்டத்துக்கு ஒரு குழுதான். தனியார் பள்ளிகளில் நான் பார்த்தவரை பதினைந்தாயிரத்திலிருந்து இருபத்தைந்தாயிரம் வரை கொடுக்கிறார்கள், அதற்கு ஆறாம் வகுப்பு ஆங்கிலமும் எடுக்கச் சொல்வார்கள். திருச்சி, தஞ்சாவூர் தனியார் மருத்துவமனைகளில் ஆர்.சி.ஐ. பதிவுள்ளவருக்கு முப்பதாயிரத்தில் தொடங்குகிறது. அரசுக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் என்றால் அடிப்படைச் சம்பளமே 57,700, ஆனால் முதுகலையோடு நெட் அல்லது செட் தேர்வோ பிஎச்.டி.யோ வேண்டும். உளவியல் துறை உள்ள அரசுக் கல்லூரிகள் நம் பக்கம் அரிது. கம்பெனிகளில் மனிதவளம், ஆள்தேர்வு என்று போகிறவர்கள் நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். அதற்குச் சென்னை, ஓசூர், பெங்களூரு போக வேண்டும், நீங்கள் கேட்டது அதில்லை.

இனி சொந்தப் பிராக்டிஸ். ஒரு மாதம் ஒரு லட்சம் என்கிறார்களே, அதைக் கணக்குப் போட்டே பார்ப்போம். தஞ்சாவூர், கும்பகோணத்தில் ஒரு சந்திப்புக்கு 500 ரூபாய் வாங்கலாம். ஒரு நாளைக்கு நான்கு பேருக்கு மேல் பார்த்தால் ஐந்தாவது ஆள் பேசுவது காதில் விழும், மனசில் விழாது. 22 நாள் என்றால் 88 பேர், 44,000 ரூபாய். இது அறை நிரம்பி வழிகிற பிராக்டிஸ். அந்த நிலைக்கு வர எனக்கு ஆறு வருடம் ஆனது. முதல் வருடம் வாரத்துக்கு ஐந்து பேர் வந்தால் பெரிது. மாதம் இருபது பேர், பத்தாயிரம் ரூபாய், அதில் அறை வாடகை ஐந்தாயிரம். இப்போது வாங்கும் 11,500-ஐப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இன்னும் சில உள்ளூர்க் கணக்குகள் இருக்கின்றன, அவற்றை எந்த விளம்பரமும் சொல்லாது. என் முதல் அறை ஒரு மெடிக்கல் ஷாப் மாடியில் இருந்தது. வாசலில் 'மனநல' என்று பெரிதாக எழுதி போர்டு மாட்டினேன், மூன்று மாதம் ஈ ஓட்டினேன். பின்பக்கம் ஒரு மாடிப்படி இருப்பதை ஓர் அம்மா கண்டுபிடித்தார். அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் வந்தார்கள், "தூக்கம் வரலை", "நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்று சொல்லிக்கொண்டு. மன்னார்குடிக்காரர் மன்னார்குடியில் ஏற மாட்டார், பஸ் பிடித்துத் தஞ்சாவூர் வருவார். தஞ்சாவூர்க்காரர் திருச்சிக்குப் போவார். எனவே உங்கள் ஊரிலேயே போர்டு மாட்டுவது, நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறாக, கூட்டத்தைக் குறைக்கும். டீச்சர் என்று எல்லோருக்கும் தெரிந்த முகம் வேறு.

வருமானத்துக்கும் பருவம் உண்டு, சம்பா, குறுவை மாதிரி. சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் பணம் வங்கியில் ஏறுகிற தை, மாசியில் வருகிறவர்கள், ஐப்பசி மழையில் வர மாட்டார்கள். பாதிச் சிகிச்சையில் நின்றுவிடுகிறவரைத் துரத்திப் பிடித்து, பணத்தை அடுத்த போகத்தில் கொடுங்கள் என்று சொல்லி நான் பார்த்ததுண்டு. கொடுத்தவர்கள் உண்டு, வாழைத்தாரோடு வந்தவர்கள் உண்டு. வாழைத்தார் நன்றாக இருந்தது. வீட்டுக்காரர் அதை வாடகையாக ஏற்கவில்லை.

மனநோய் தீர வேண்டிக்கொண்டு குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கிவிட்டு வருகிற குடும்பங்களும் உண்டு. அவர்களிடம் "கோயிலுக்கு ஏன் போனீர்கள்" என்று கேட்கிற ஆள் இந்தப் பக்கம் பிழைக்க முடியாது, கேட்பது சரியும் இல்லை. மாத்திரையை நிறுத்தாமல் சாமி கும்பிடுங்கள் என்று சொன்னால் இரண்டும் நடக்கும்.

நல்ல செய்தியும் ஒன்று சொல்கிறேன். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை என்று எடுத்தால் பிள்ளைகள் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற வீடுகள் தெருவுக்குத் தெரு. அவர்கள் தமிழில் பேச ஆள் தேடுகிறார்கள். தங்களுக்காகவும், தனியாக இருக்கிற அப்பா அம்மாவுக்காகவும். என்னுடைய வருமானத்தில் இப்போது மூன்றில் ஒரு பங்கு இந்த ஆன்லைன் சந்திப்புகள்தான், கட்டணமும் இரண்டு மடங்கு. நல்ல பயிற்சியும் நல்ல தமிழும் இருக்கிறவருக்கு இந்தக் கதவு இன்னும் அகலமாகத் திறக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் திரையில் பார்க்கத் தொடங்குவதற்கு முன் நேரில் சில நூறு பேரைப் பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால்

இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, எந்தப் பட்டமும் ஏற்கிற ஒரு எம்.எஸ்ஸி. உளவியல், நேரடி வகுப்பு. இரண்டு வருடம் சம்பளம் கிடையாது, விடுதிச் செலவு வேறு. முடித்தபின் கிளினிக்கல் கதவு திறந்திருக்கும். மற்றது எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை, அதில் மருத்துவ, மனநலச் சமூகப்பணி என்ற பிரிவு. எந்தப் பட்டம் இருந்தாலும் சேரலாம். திருச்சி காஜாமலையில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் துறையே இருக்கிறது, வேறு கல்லூரிகளிலும் உண்டு. வாரத்தில் சில நாள் களப்பணி கட்டாயம், அதாவது நான் மேலே சொன்ன மேற்பார்வை மணி நேரம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. நம் மாவட்டங்களில் இருக்கும் தொகுப்பூதிய வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு இது நேராகப் பொருந்தும். ஆனால் பின்னாளில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக இந்தப் பட்டம் உதவாது, திரும்ப முதலிலிருந்து வர வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்தபின் எனக்கு இரண்டாவதில்தான் சாய்வு. நீங்கள் சோதனைத் தாள்களோடு உட்காருகிற ஆளாகத் தெரியவில்லை, வீடு வீடாகப் போகிற ஆளாகத் தெரிகிறீர்கள். நான் தவறாகவும் இருக்கலாம், ஒரு கடிதத்தில் எவ்வளவு தெரியும்? படித்து முடித்து வேலைக்கு வந்தவுடன் சம்பளம் ஏழெட்டாயிரம்தான் கூடும் என்பதை மறைக்காமல் வீட்டில் சொல்லிவிடுங்கள். பள்ளியை விட வேண்டாம், பி.எட். கையில் இருக்கிறது என்பதால் சிறப்புக் கல்வி பி.எட். படிக்கலாமே என்று யாராவது சொன்னால் அதையும் தள்ளிவிடாதீர்கள். அதுவும் ஆர்.சி.ஐ. பதிவுள்ள தொழில், ஆனால் வேலை வேறு மாதிரி.

கல்யாணப் பேச்சைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், நானும் ஒரு வரியோடு நிறுத்துகிறேன். படிக்கப் போகும் விஷயத்தை மாப்பிள்ளை வீட்டில் முன்கூட்டியே, உங்கள் வாயால் சொல்லுங்கள், தரகர் வாயால் வேண்டாம்.

சீட்டுப் பணத்தைப் பிரிக்காமல் வங்கியில் போடுங்கள். இரண்டு வருடம் வருமானம் இல்லாமல் தாக்குப்பிடிக்க அது போதாது, ஆனால் தொடங்கப் போதும். நகையைத் தொட வேண்டாம். அடுத்த சேர்க்கைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் சனிக்கிழமை இல்லாத ஒரு வேலை நாளாகப் பார்த்துப் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, திருவாரூரில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். உங்கள் மாணவிக்காக எப்படியும் அவர்களோடு பேச வேண்டிவரலாம். அங்கே இருக்கும் கவுன்சலரிடம், அவருக்கு நேரம் இருந்தால், அரை மணி கேளுங்கள். போன வாரம் எத்தனை ஊருக்குப் போனார், பஸ் காசு யார் கொடுத்தார்கள் என்று விசாரியுங்கள். போன மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது என்றும் மறக்காமல் கேளுங்கள்.